கல்லாக வந்த பாதரசம், காற்றாக வந்த பாதரசம்

கலிஃபோர்னியாவில் கிளியர் லேக் என்றோர் ஏரி. பெயரில் உள்ள தெளிவு தண்ணீரில் இல்லை. கோடை பிறந்தால் பச்சைப்பாசி ஏடு கட்டி நிற்கும். அதன் கரையில் இயங்கிய பாதரசச் சுரங்கம் ஒன்று ஏறத்தாழ 100 டன் பாதரசத்தை ஏரிக்குள் இறக்கிவிட்டு மூடிக்கொண்டது. அத்தனை பாதரசம் கிடக்கும் ஏரியின் மீன் எப்படி இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். ஆய்வாளர்களும் அப்படித்தான் ஊகித்தார்கள். மீனைச் சோதித்தபோது அதில் பாதரசம் இருந்தது. அளவோடு தின்னுங்கள் என்று அரசு எச்சரிக்கும் அளவுக்கு இருந்தது. ஆயினும் சேற்றில் கிடந்த மூட்டையைப் பார்த்துவிட்டு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

கொடைக்கானல் ஏரியின் கதை வேறு. அதன் கரையில் சுரங்கம் இருந்ததில்லை. பாதரசத்தைக் கையாண்ட ஆலைகூட ஏரிக்குத் தண்ணீர் வடியும் சரிவில் இல்லை. மேட்டின் மறுபக்கச் சரிவில் இருந்தது. இருந்தும் அந்த ஏரியின் அடிச்சேற்றில் இருந்த பாதரசத்தில் 100க்கு 6 பங்கு, பாதரசத்தின் உருவங்களிலேயே கொடியதான மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கிளியர் லேக்கில் சுரங்கத்தை ஒட்டிய சேற்றில் அந்தப் பங்கு 100க்கு 1 என்ற அளவைக்கூடத் தொடுவதில்லை.

பாதரசம் மிகுந்த ஏரியில் நஞ்சாவது குறைவு. குறைந்த ஏரியில் நஞ்சாவது அதிகம். இந்த முரணுக்கு விடை தேடுவதே இந்த ஒப்பாய்வின் வேலை. ஏரிக்கு எவ்வளவு பாதரசம் வந்தது என்ற கேள்விக்கு முன்னால், அது எந்த உருவில் வந்தது என்று கேட்கவேண்டும். இரண்டு ஏரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது புரியும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு ஏரிகளிலும் மாதிரி எடுத்தவர்கள் வேறு, காலம் வேறு, கருவிகளும் வேறு. ஆகவே ஓர் ஏரியின் எண்ணை எடுத்து மற்றதன் எண்ணோடு நேருக்கு நேர் மோதவிடுவதில் பொருள் இல்லை. விகிதங்களையும் வழிமுறைகளையும்தான் ஒப்பிட முடியும்.

இயற்கை ஏரியும் கட்டிய ஏரியும்

கிளியர் லேக் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, எரிமலை நிலத்தில் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 177 சதுர கிலோமீட்டர். கலிஃபோர்னியாவின் எல்லைக்குள் முழுதாக அடங்கிய இயற்கையான நன்னீர் ஏரிகளில் இதுவே பெரிது. வட அமெரிக்காவின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. அதன் படிவுகள் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்தவை. போமோ பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதன் கரையில் மீன்பிடித்து வாழ்ந்துவருகிறார்கள்.

கொடைக்கானல் ஏரி மனிதர் கட்டியது. 1863இல், மதுரையில் ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் முன்னின்று ஓடையை மறித்துக் கரை போட்டார். நட்சத்திர வடிவில் சுமார் 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கர். கிளியர் லேக்கின் பரப்பில் இதைப் போல் 700 ஏரிகளை அடக்கிவிடலாம்.

அளவில் இவ்வளவு வேறுபட்டவை குணத்தில் சில இடங்களில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் பாதரசத்தின் பெரும்பங்கு மனிதர் கை வழியாக வந்தது. இரண்டிலும் வரத்துக்குக் காரணமான தொழில் நின்றுவிட்டது. அங்கே 1957இல், இங்கே 2001இல். இரண்டும் சத்து மிகுந்து பச்சை கட்டும் ஏரிகள். அங்கே நிலத்திலிருந்து கரைந்து வரும் பாஸ்பரஸ். இங்கே விடுதிகளின் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும். இரண்டிலும் மனிதர் மீன்பிடித்துத் தின்கிறார்கள். அளவை விட்டால் பெரிதாக வேறுபடுவது பாதரசம் வந்த உருவம் மட்டுமே என்பதால் ஒப்பீட்டுக்கு இந்த இணை தோதானது.

வந்த வழி

கிளியர் லேக்கின் கிழக்குக் கிளையான ஓக்ஸ் ஆர்ம் கரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பூமிக்குள்ளிருந்து கந்தகமும் பாதரசமும் சுமந்து வரும் அந்த வெந்நீர் பாறை வெடிப்புகளில் இரண்டையும் படியவைத்தது. 1860களில் கந்தகத்துக்காகவே அங்கே தோண்டத் தொடங்கினார்கள். சல்ஃபர் பேங்க் என்ற பெயர் அப்படி வந்தது. ஆழம் போகப் போகக் கந்தகத்தில் சிவப்புக் கல் கலந்து வந்தது. 1870களிலிருந்து 1957 வரை, விட்டுவிட்டு, அந்தச் சிவப்புக் கல்லைச் சூளையில் வாட்டிப் பாதரசம் எடுத்தார்கள். தொடக்கத்தில் சுரங்க வழிகளில் இறங்கி வெட்டினார்கள். 1920களில் திறந்தவெளிக் குழியாகத் தோண்டக் கனரக இயந்திரங்கள் வந்தன. மேலே கிடந்த பாறையையும் வாட்டிய கல்லின் சக்கையையும் ஏரிக்கரையிலேயே கொட்டினார்கள். கொஞ்சம் ஏரிக்குள்ளும் தள்ளினார்கள். அலை அடிக்க அடிக்கக் குவியலின் அடி கரைந்து தண்ணீருக்குள் சரிந்தது. இந்தப் பாதரசம் ஏரிக்கு வந்தது கல்லும் மண்ணுமாக.

கொடைக்கானலுக்குப் பாதரசம் கப்பலேறி வந்தது. 1980களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஊரில் இயங்கிய பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டு, அதன் பழைய இயந்திரங்கள் கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலை மேட்டுக்கு வந்து சேர்ந்தன. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. உடைந்த கண்ணாடியும் ஆவியும் மலையில் தங்கின. பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கிய பின், ஆலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். அதை நுண்குழாயில் ஏற்றி, சூடாக்கி, காற்றை வெளியேற்றி, முனையை உருக்கி மூடவேண்டும். எந்தக் கட்டத்தில் குழாய் உடைந்தாலும் துளி சிதறும். சிதறிய துளி அறை வெப்பத்திலேயே ஆவியாகும். உலோகங்களில் இப்படி ஆவியாகும் குணம் பாதரசத்துக்கே உரியது. 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ், பழனிமலைப் பாதுகாப்புக் குழு ஆகிய அமைப்புகளும் சேர்ந்து மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் டன்கணக்கில் கிடந்த பாதரசக் கண்ணாடிச் சில்லுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

ஆலை மேட்டின் மழைநீர் தெற்கே பாம்பாறு சோலைக்கு வடிந்து வைகைப் படுகைக்குப் போகிறது. ஏரி வேறு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பிறகு ஏரிக்குப் பாதரசம் எப்படிப் போனது? விடை காற்றில் இருந்தது. ஆலைக்கு வெளியே ஒரு கன மீட்டர் காற்றில் 1.32 மைக்ரோகிராம் பாதரசம் இருந்ததாக அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்தார்கள். மாசில்லாத இடங்களில் இது சில நானோகிராம் அளவுதான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம். மரப்பட்டைகளில் ஒட்டி வளரும் கல்பாசி இனங்களும் மரப்பாசிகளும் வேரில்லாதவை. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே எடுப்பவை. ஆலையைச் சுற்றிலும் இவற்றை எடுத்துச் சோதித்தபோது அவை பாதரசத்தை நிறைய உறிஞ்சி வைத்திருந்தன.

அதே குழுவினர் கொடைக்கானல் ஏரியோடு பேரிஜம், குக்கல் ஏரிகளின் சேற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். கொடைக்கானல் சேற்றில்தான் அதிகம். 20 கிலோமீட்டர் போல் தள்ளியுள்ள பேரிஜத்தில் அதைவிடக் குறைவு. இன்னும் தொலைவில் உள்ள குக்கலில் கொடைக்கானலின் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். இந்த மூன்று ஏரிகளையும் இணைக்கும் ஓடை எதுவும் இல்லை. தண்ணீர் இணைக்காத ஏரிகளில் தொலைவு கூடக்கூடப் பாதரசம் குறைகிறது என்றால், அதைச் சுமந்து வந்தது காற்றுதான். கிளியர் லேக்கிலும் சுரங்கத்திலிருந்து விலக விலகச் சேற்றில் பாதரசம் சரசரவென்று குறைகிறது. அங்கே சுமந்தது அலையும் நீரோட்டமும். இரண்டு இடத்திலும் குறைவு ஒன்றுபோல் இருக்கிறது. சுமந்த வாகனம் வேறு.

கருப்பும் சிவப்பும்

இனி உருவத்துக்கு வருவோம். சித்த, ஆயுர்வேத மரபை அறிந்தவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு அரைக்க அரைக்க வெள்ளி மினுக்கம் மறைந்து மைபோலக் கரும்பொடி வரும், கஜ்ஜளி என்பார்கள். அதையே குப்பியிலிட்டு எரித்துப் பதங்கமாக ஏற்றினால் கழுத்தில் சிவந்து படியும், ரசசிந்தூரம் என்பார்கள். இரண்டிலும் இருப்பது ஒரு பாதரச அணுவுக்கு ஒரு கந்தக அணு என்ற கணக்கில் பாதரச சல்ஃபைடுதான். அணுக்கள் அடுக்கிய முறை மட்டும் மாறுகிறது. கருப்புக்குக் கனிமவியலில் மெட்டாசின்னபார் என்று பெயர். சிவப்புக்குச் சின்னபார். மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் சிவப்புக் கல்லைத் தமிழில் சாதிலிங்கம் என்றும் இங்குலிகம் என்றும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம்.

சல்ஃபர் பேங்கில் போமோ மக்களின் காலடியில் கிடந்ததும் இந்தச் சாதிலிங்கம்தான். சூளையில் சரியாக வாட்டப்படாத கல்லில் ஒரு பகுதி கருப்பு வடிவத்துக்கு மாறி, கலந்துள்ள பிற உலோகங்களின் துணையால் ஆறிய பிறகும் அப்படியே நின்றுவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து, சின்க்ரோட்ரான் கூடத்தின் செறிவான எக்ஸ் கதிரைச் செலுத்திக் கலிஃபோர்னியாவின் சுரங்கக் கழிவுகளை ஆராய்ந்தன. பாதரச அணுவைச் சுற்றி நிற்பது கந்தகமா, குளோரினா, ஆக்சிஜனா என்று அந்தக் கதிர் காட்டிக்கொடுக்கும். பெரும்பங்கு சிவப்பும் கருப்புமான சல்ஃபைடாகவே இருந்தது. வெந்நீர் ஊற்றுகளில் பிறந்த கனிமத்தில் மட்டும் குளோரின் சேர்ந்த, எளிதில் கரையும் கனிமங்களும் ஓரளவு கலந்திருந்தன. சல்ஃபர் பேங்க் அந்த வகையைச் சேர்ந்தது.

எக்ஸ் கதிர்க் கூடம் எல்லா ஊரிலும் கிடையாது. சாதாரண ஆய்வகம் வேறொரு வழியில் உருவத்தைப் பிரிக்கிறது. சேற்றை முதலில் வெறும் தண்ணீரில் கலக்கி வடிப்பார்கள்; எளிதில் கரைவது வந்துவிடும். அடுத்து, வயிற்று அமிலத்தின் அளவுக்குப் புளித்த நீர். அதன்பின் காரம், மக்கிய இலைச்சத்தோடு ஒட்டிய பாதரசம் இதில் கழன்று வரும். பிறகு அடர்ந்த நைட்ரிக் அமிலம். தனி உலோகமாக உள்ளது இதில் கரையும். எல்லாவற்றுக்கும் மசியாமல் மிஞ்சுவதைக் கடைசியில் ராஜதிராவகத்தில் போடவேண்டும். தங்கத்தைக் கரைக்கும் அந்தத் திராவகம்தான் சாதிலிங்கத்தையும் கரைக்கும்.

ராஜதிராவகம் கேட்கும் கல், ஏரித் தண்ணீரில் எங்கே கரையப்போகிறது? 100 டன் கிடந்தும் கிளியர் லேக் மீனில் எதிர்பார்த்தது ஏறாததற்கு முதல் காரணம் இதுவே. பாதரசத்தைக் கந்தகம் பூட்டி வைத்திருக்கிறது. இன்னொரு காரணம் பச்சைப்பாசி. கரைந்த கொஞ்சத்தையும் கோடிக்கணக்கான பாசி உயிரணுக்கள் பங்குபோட்டுக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பமாகிறது.

கொடைக்கானலின் காற்றில் பறந்தது தனி உலோகத்தின் ஆவி. அதைக் கந்தகம் பூட்டவில்லை. ஆவியில் ஒரு பகுதி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து மழையோடும் தூசியோடும் இறங்கும். இன்னொரு பகுதியை இலைகள் உறிஞ்சும். காட்டுக்குப் பாதரசம் வரும் வழிகளில் இலை வழிதான் பெரிது என்று உலகெங்கும் காடுகளை ஆய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இலை உதிர்ந்து மக்கும்போது பாதரசம் மக்கில் உள்ள கந்தக முனைகளைப் பற்றிக்கொள்கிறது. இதுவும் கந்தகப் பிடிதான். ஆனால் கல்லுக்குள் இறுகிய பிடிக்கும் மக்கில் ஒட்டிய பிடிக்கும் உள்ள தூரம், பூட்டுக்கும் முடிச்சுக்கும் உள்ள தூரம். பழுப்பு மக்கு மழையில் கரைந்து ஓடையில் இறங்கும்போது பாதரசமும் கூடவே இறங்குகிறது. ஈரம் கசியும் மலைமண்ணும் சோலையின் இலைமக்கும் உள்ள ஊரில் இந்த வழி திறந்தே கிடக்கிறது.

சேற்றுக்குள் நடக்கும் சமையல்

ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் சல்ஃபேட்டையோ இரும்பையோ சுவாசிக்கின்றன. அந்த வகைகளில் சில, கரைந்து கிடைக்கும் பாதரசத்தோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து மெத்தில் பாதரசமாக்குகின்றன. இதற்கு வேண்டிய இரண்டு மரபணுக்கள் எவை என்பது 2013இல்தான் தெரியவந்தது. மெத்தில் பாதரசம் உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது; பாசியைத் தின்னும் பூச்சியில் கூடி, பூச்சியைத் தின்னும் சிறுமீனில் கூடி, பெருமீனில் பல மடங்காகும். கருவில் உள்ள குழந்தையின் மூளையைத் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் மனிதரை முடக்கியது இதுவே.

இந்தச் சமையலுக்கு மூன்று பொருள் வேண்டும்: ஆக்சிஜன் இல்லாத சேறு, பாக்டீரியாவுக்குத் தீனி, கரைந்து கிடைக்கும் பாதரசம். முதல் இரண்டும் இரண்டு ஏரிகளிலும் தாராளம். கழிவுநீரும் ஆகாயத்தாமரை மக்கலும் கொடைக்கானல் சேற்றை மூச்சுமுட்ட வைக்கின்றன. கிளியர் லேக்கில் பாசி அழுகல் அதையே செய்கிறது. வேறுபடுவது மூன்றாவது பொருள். கிளியர் லேக்கில் அது கல்லுக்குள் இருக்கிறது, கொடைக்கானலில் மக்கோடு மிதக்கிறது. கொடைக்கானல் சேற்றில் 100க்கு 6 பங்கு, பேரிஜத்தில் 3 முதல் 4, குக்கலில் 2 என்று மெத்தில் பங்கு இறங்கிவருவதையும் இந்தக் கோணத்தில் படிக்கலாம். புதிதாக வந்து விழுந்த பாதரசம் எங்கே அதிகமோ அங்கே மாற்றமும் அதிகம்.

இத்தோடு கணக்கை முடித்தால் கிளியர் லேக் தப்பித்துவிட்டது என்று தோன்றும். அங்கேதான் அந்த ஏரி ஒரு பாடம் வைத்திருக்கிறது. சுரங்கத்தின் திறந்தவெளிக் குழியில் மழையும் ஊற்றும் நிரம்பி, ஏறத்தாழ 23 ஏக்கரில் ஒரு குளமாகிவிட்டது. பெயர் ஹெர்மன் குழி. பாறையில் உள்ள இரும்பு சல்ஃபைடும் அடியிலிருந்து குமிழியிடும் வாயுக்களும் சேர்ந்து அந்த நீரை எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் அளவுக்குப் புளிக்க வைத்திருக்கின்றன. அமிலத்தன்மை எண் 3ஐ ஒட்டியது. குழிக்கும் ஏரிக்கும் நடுவே கழிவுப் பாறைக் குவியல். குழியின் நீர் குவியல் வழியாகக் கசிந்து, போகும் வழியில் பாதரசத்தையும் சல்ஃபேட்டையும் கரைத்துக்கொண்டு ஏரியின் அடியில் வெளிவருகிறது. ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் திரிந்த பால்போல வெண்ணிறப் பஞ்சுத் திரள் படிகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் சுச்சானெக் குழுவினர் 1990களில் அந்தத் திரளைச் சோதித்தபோது, அதில் மெத்தில் பாதரசம் மிகுந்திருந்தது. பாக்டீரியாவுக்கு வேண்டிய சல்ஃபேட்டும் கரைந்த பாதரசமும் ஒரே இடத்தில் பந்தி விரித்திருந்தன.

கல் கரையாது என்பது சரி. ஆனால் நீர் புளித்தால் பூட்டு இளகும். மக்கு கலந்தாலும் இளகும், கரிம அமிலங்கள் சாதிலிங்கத்தைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் இதே விதிதான். மக்கோடு திரியும் பாதரசம் சேற்றில் சல்ஃபைடைச் சந்தித்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மெட்டாசின்னபார் வடிவில் திரளும். புதிதாய்ப் பிறந்த துகளைப் பாக்டீரியா பயன்படுத்திக்கொள்ள முடியும். துகள் வளர்ந்து, முதிர்ந்து, இறுக இறுக அது கையைவிட்டுப் போகும். ஆக, ஓர் ஏரியின் பாதரசத்துக்கு இன்றைய உருவம் என்று ஒன்று உண்டு, நாளைய உருவம் என்று இன்னொன்றும் உண்டு.

சேறு எழுதிய நாட்குறிப்பு

கிளியர் லேக்கின் அடியில் நீண்ட குழாயை இறக்கிச் சேற்றுத் தண்டை எடுத்துச் சீவிச் சீவிப் படித்தார்கள். கீழடுக்குகளில், மனிதர் தோண்டுவதற்கு முன்பே, வெந்நீர் ஊற்றுகள் கொடுத்த சிறிதளவு பாதரசம் இருந்தது. கைக்கருவிகளால் வெட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு, நாம் நினைப்பதைப்போல் பெரிய தடம் விடவில்லை. 1927ஐ ஒட்டிய அடுக்கில்தான் பாதரசம் செங்குத்தாக ஏறுகிறது. கனரக இயந்திரங்கள் கரைக்கு வந்த காலம் அது. அதற்குமேல் உள்ள அடுக்குகளில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் தடம். கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் அதை ஏரியில் கலந்தார்கள். முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் செத்தன. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சாவு இடம்பெற்றது. உணவுச் சங்கிலியில் நஞ்சு படிப்படியாகக் கூடும் என்பதை உலகுக்குச் சொன்ன ஏரியும், பாதரசக் கணக்கைத் தலைகீழாக்கிய ஏரியும் ஒன்றே.

கொடைக்கானல் ஏரியின் நாட்குறிப்பு சின்னது. 1863க்குப் பிறகுதான் எழுதத் தொடங்கியது. ஆலை இயங்கியது 20 ஆண்டுகளுக்கும் குறைவு; ஆகவே அதன் அடுக்கும் மெல்லியது. மெல்லிய அடுக்கு, மேலே இன்னும் தடித்த மூடாக்கு சேராத அடுக்கு. கிளியர் லேக்கில் சுரங்கம் மூடி 60 ஆண்டுக்கு மேலாகியும் கரைக் குவியலிலிருந்து கசிவு தொடர்ந்ததால் புதுச் சேறு பழையதை முழுக்க மூடி அமைதிப்படுத்தவில்லை. கொடைக்கானலில் காற்று வழி அடைபட்டுவிட்டது. ஆனால் மலைமண்ணிலும் இலைமக்கிலும் சேர்ந்திருப்பது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும்.

எண்ணைப் பார்க்கும் சட்டம்

கலிஃபோர்னிய அரசு 1987இல் கிளியர் லேக் மீனைத் தின்பதற்கு அளவு சொல்லி எச்சரித்தது. 1990இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சுரங்கத்தை, சுத்தம் செய்யவேண்டிய நச்சு இடங்களின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. 1992இல் ஏரிக்கரைக் குவியலின் சரிவைத் தணித்து அரிப்பைத் தடுத்தார்கள். சுரங்கத்தை ஒட்டி வாழும் எலெம் போமோ குடியிருப்பின் வீடுகளும் சாலைகளும் சுரங்கக் கழிவின் மேலேயே போடப்பட்டிருந்தன. அந்த மண்ணை 2006இல் அகற்றினார்கள். பட்டியலில் ஏறிய நாளிலிருந்து பார்த்தால் 16 ஆண்டு. மீனையே நம்பியிருந்த பழங்குடிக்குத் தாமதத்தின் விலை அதிகம்.

கொடைக்கானலில் ஊழியர்களின் போராட்டம் அதேபோல் நீண்டது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு ஆலையின் பெயரை உலகம் சுற்ற வைத்தது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் ஊழியர்களோடும் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில்தான் வழக்கு இழுத்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவுகோல் வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் இப்படி ஒரு தளர்வை ஏற்பார்களா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது. இந்த ஒப்பீடு அதற்குள் இன்னொரு கேள்வியையும் வைக்கிறது. 20 மில்லிகிராம் எதில்? சாதிலிங்கத்தில் 20 மில்லிகிராம் என்றால் ஒன்று. சோலை மக்கில் ஒட்டிய 20 மில்லிகிராம் என்றால் முற்றிலும் வேறொன்று. முதலாவது தலைமுறைக்கணக்கில் கல்லாகவே கிடக்கலாம். இரண்டாவது ஒரு மழையில் கிளம்பி ஓடையில் இறங்கிச் சேற்றுப் பாக்டீரியாவின் வாய்க்குப் போகலாம். மொத்த எண்ணை மட்டும் பார்க்கும் அளவுகோல் கிளியர் லேக்கைப் போன்ற இடத்தில் இன்றைய ஆபத்தைக் கூட்டிச் சொல்லும்; கொடைக்கானலைப் போன்ற இடத்தில் குறைத்துச் சொல்லும். ஹெர்மன் குழியின் புளித்த நீர் காட்டுவதுபோல், கூட்டிச் சொன்ன இடத்திலும் நிம்மதியாக உட்கார முடியாது.

தூர்வாரும் முன்

நம் ஊரில் தூர்வாருதல் நல்ல காரியம். ஏரி ஆழமாகும், அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகும். விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசே அனுமதிக்கிறது. ஆயிரமாண்டு வழக்கம் இது. பெரும்பாலான ஏரிகளுக்குச் சரியான வழக்கமும்கூட.

பாதரசம் கண்ட ஏரிக்கு அதே வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த முடியாது. ஆக்சிஜன் இல்லாத இருட்டில் சல்ஃபைடாக இறுகத் தொடங்கிய சேற்றைக் கலக்கி வெளியே குவித்தால் காற்று படும், சல்ஃபைடு சல்ஃபேட்டாகும், நீர் புளிக்கும், பூட்டிய பாதரசம் கழலும். சின்ன அளவில் இன்னொரு சல்ஃபர் பேங்க் குவியலை நாமே கரையில் எழுப்பியதாகிவிடும். அந்த வண்டல் வயலுக்குப் போனால் சுவடும் தெரியாமல் பரவிவிடும்.

ஆகவே கொடைக்கானல் ஏரியில் மண்வெட்டி இறங்கும் முன் செய்யவேண்டிய வேலைகள் சில. சேற்றுத் தண்டு எடுத்து ஆலைக்கால அடுக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பது முதலாவது. அந்த அடுக்கின் பாதரசத்தைத் தண்ணீரிலிருந்து ராஜதிராவகம் வரை படிப்படியாகப் பிரித்து, எவ்வளவு கரையும், எவ்வளவு கரையாது என்று கணக்கெடுப்பது இரண்டாவது. மீனையும் சேற்றின் மெத்தில் பங்கையும் ஆண்டுதோறும் அளந்து, ஊர்மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடுவது மூன்றாவது. கழிவுநீர் ஏரிக்குள் போவதை நிறுத்துவது நான்காவது. சேறு மூச்சுத்திணறாமல் இருந்தாலே பாக்டீரியாவின் சமையல் பாதி அடங்கும். இதற்கு எக்ஸ் கதிர்க் கூடமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம்.

மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய உலக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. பாதரசத் தெர்மாமீட்டர்களை உற்பத்தி செய்வதற்கு அது குறித்த கெடு 2020. புதிய தெர்மாமீட்டர்களிலிருந்து பாதரசம் விலகிவருகிறது. ஏற்கெனவே ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டது சேற்றில்தான் இருக்கிறது. அது எவ்வளவு என்று கேட்டு நிற்காமல், எந்த உருவில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.